மரத்தில் புனிதர் சுரூபம் செய்விப்பது எப்படி? பங்குப் பேரவைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஊர்க் கத்தோலிக்கக் கோயிலுக்கு மரத்தில் ஒரு சுரூபம் (புனிதர் சிலை) செய்ய வேண்டும் என்று தீர்மானம் போட்டுவிட்டு, யாரிடம் போவது, எதைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் பங்கில் (பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள எங்கள் கோயில் சமூகத்தில்) இந்த வேலை என் பொறுப்பில் விடப்பட்டபோது, சொல்லித்தர ஆள் இல்லை. முதலில் போன பட்டறை ஈர மரத்தில் வேலை செய்து கொடுத்தது. வண்ணமெல்லாம் பூசி முடித்த பிறகு, கழுத்திலிருந்து மார்பு வரை வெடிப்பு ஓடியது. பணமும் போய், திருவிழாவுக்குச் சுரூபமும் இல்லாமல் போனது. உங்கள் ஊரில் அப்படி நடக்கக் கூடாது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரச் சுரூபம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் உளி படுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. சிற்பியின் கைத்திறனைப் பார்த்து மயங்கிவிடுகிறோம். மரம் காய்ந்ததா, யார் எதற்குப் பொறுப்பு என்பதைக் கேட்க மறந்துவிடுகிறோம். கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் முன்வேலைதான்.

1. எந்தப் புனிதர், எங்கே வைக்கப்போகிறீர்கள்?

இது தெரிந்த விஷயம்தானே என்று தாண்டிப்போகாதீர்கள். "அந்தோணியார் சுரூபம்" என்று மட்டும் சொன்னால் சிற்பிக்கு இரண்டு அந்தோணியார் உண்டு. பதுவை அந்தோணியார் என்றால் பிரான்சிஸ்கன் சபையின் பழுப்பு அங்கி, இடுப்பில் மூன்று முடிச்சுப் போட்ட கயிறு, கையில் குழந்தை இயேசு, லீலி மலர், புத்தகம். வனத்து அந்தோணியார் என்றால் நரைத்த தாடி, முதிய முகம், கைத்தடி, மணி, காலடியில் பன்றி. முதலாமவரின் திருநாள் ஜூன் 13, மற்றவருடையது ஜனவரி 17. கூகுளில் கிடைத்த ஏதோ ஒரு படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, உருவம் இறங்கிய பிறகு "இவர் எங்கள் அந்தோணியார் இல்லையே" என்றால் மரமும் கூலியும் யார் தலையில் விழும்?

அருளானந்தர் என்றால் பண்டாரசாமி (நம் நாட்டுத் துறவி) உடை. சவேரியார் என்றால் தாடி, கையில் பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை). சூசையப்பருக்குப் பூத்த கோலா, தச்சுக் கருவியா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். 2022 மே 15-இல் புனிதராக உயர்த்தப்பட்ட தேவசகாயத்துக்கு இப்போது பல ஊர்களில் சுரூபம் கேட்கிறார்கள். அவருக்குக் கைவிலங்கும் சங்கிலியும் வரும். சங்கிலியை மரத்திலேயே செதுக்கச் சொல்கிறீர்களா, இரும்பில் தனியாகப் போடுகிறீர்களா என்பது விலையையே மாற்றும்.

புனிதர், அருளாளர் பட்டம் பெறாத ஒருவருக்கு, ஊரே அவரைக் கொண்டாடினாலும், கோயிலுக்குள் பொது வணக்கத்துக்குச் சுரூபம் வைக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருவதில்லை. அதேபோல ஒரே கோயிலில் ஒரே புனிதருக்கு ஒன்றுக்கு மேல் சுரூபம் வைப்பதும் வழக்கமாக ஏற்கப்படுவதில்லை. பழையது ஒன்று இருந்தால் அதை என்ன செய்வது என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பீடத்தில் நிலையாக நிற்கப்போகிறதா, சப்பரத்தில் ஏறப்போகிறதா, வெயிலும் மழையும் படும் கெபிக்கா (வெளியே கட்டும் குகை போன்ற சிறு கோயில்)? கெபிக்கு மரம் வேண்டாம் என்பதே என் கருத்து. கூரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாரலும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இடத்தில் மரம் நிற்காது. அங்கே கல்லோ சிமெண்டோ போதும்.

2. அனுமதியும் காகிதங்களும்

வாய்ப்பேச்சில் எதையும் தொடங்காதீர்கள். கோப்பில் இவையெல்லாம் இருக்க வேண்டும்:

பங்குப் பேரவையின் தீர்மானம், தேதியோடும் கையெழுத்துகளோடும். எந்தப் புனிதர், எத்தனை அடி, எங்கே வைப்பது, உச்சவரம்புச் செலவு எவ்வளவு என்பது அதில் இருக்கட்டும்.

பங்குத்தந்தையின் கடிதமும் ஆயர் இல்லத்தின் பதிலும். பீடத்தை மாற்றுகிற வேலை என்றால் இது கட்டாயம். பங்குத்தந்தை மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தால், இந்தக் காகிதம்தான் உங்களைக் காப்பாற்றும்.

உபயதாரர் கடிதம். ஒரு குடும்பம் முழுச் செலவையும் ஏற்றால் மனம் குளிர்ந்துபோகும், சரி. ஆனால் "இந்தச் சுரூபத்தைப் பங்குக்குக் கொடையாகத் தருகிறோம், இதன்மேல் எங்களுக்கு உரிமை இல்லை" என்று எழுதி வாங்குங்கள். பீடத்தில் பெயர் பொறிப்பதா, எந்த அளவில், எந்தப் பக்கம் என்பதையும் அதிலேயே முடிவுசெய்யுங்கள். இதை விட்டுவிட்டு, பிறகு திருவிழாவில் யார் முதலில் தோள் கொடுப்பது என்கிற சண்டை வரை போன ஊர்கள் உண்டு.

பணம் வெளிநாட்டிலிருந்து வந்தால் கவனம். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்யும் நம் ஊர்ப் பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவரே அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவும் அதற்கான வங்கிக் கணக்கும் இல்லாமல் பங்கு அதை வாங்கக் கூடாது. மறைமாவட்ட நிதி அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் கணக்கு எண்ணைக் கொடுக்க வேண்டும்.

சிற்பிக்கும் ரொக்கமாகக் கொட்டிக் கொடுக்காதீர்கள். ஒரே வேலைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படி தவறு; தவணையாகப் பிரித்துக் கொடுத்தாலும் அதே கதைதான். வங்கி வழியாகவே போகட்டும்.

3. பட்டறையைத் தேர்ந்தெடுப்பது

தமிழ்நாட்டில் மரச் சிற்பத்துக்குப் பேர்போன இடங்கள் கள்ளக்குறிச்சி வட்டாரமும், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர், தழுதாழைப் பகுதியும். இரண்டு ஊர் வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. இங்கே பெரும்பாலும் இந்துக் கோயில் சிற்பமும் வாகனமும் தேரும்தான் செய்கிறார்கள். கையில் அபாரமான வேலை இருக்கும். ஆனால் புனிதர் சுரூபம் புதிது என்றால் முகமும் உடை மடிப்பும் அவர்களுக்குப் பழகிய தாள அளவில்தான் (கோயில் சிலைகளுக்கான உடல் விகிதக் கணக்கு) வரும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நம் மண்ணின் சாயல் கொண்ட சூசையப்பரை நான் மனதார விரும்புகிறேன். ஆனால் ஊர் அதை ஏற்குமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் பழகிய ஐரோப்பிய முகத்தைத்தான் எதிர்பார்ப்பார்கள் என்றால், தேவாலய வேலையே செய்கிற பட்டறைகள் கேரளத்தில் இருக்கின்றன.

நல்ல நாள் பார்த்து வேலை தொடங்குவது, கண் திறக்கும்போது தேங்காய் உடைப்பது போன்ற வழக்கங்கள் பல சிற்பிகளுக்கு உண்டு. இதை வைத்து வேலை பாதியில் சங்கடம் வரக் கூடாது. அவருடைய பட்டறையில் அவருடைய மரியாதை. நம் கோயிலில் நம் மந்திரிப்பு (குருவானவர் ஆசீர்வதிப்பது). இதை மனம் நோகாமல் முதல்நாளே பேசிவிடலாம்.

நேரில் போங்கள். செய்து முடித்ததை விட, செய்துகொண்டிருப்பதைப் பாருங்கள். கையால் செதுக்கிய வேலையா, கணினி இயக்கும் சிஎன்சி மெஷின் வேலையா என்று அங்கேதான் தெரியும். மெஷின் வெட்டிய இடத்தில் உள்மடிப்புகளில் ஒரே இடைவெளியில் மெல்லிய வரிகள் ஓடும். விரல்களுக்கு இடையிலும் அங்கிக்கு உள்பக்கமும் ஆழம் இருக்காது. மெஷினில் வெட்டிக் கையால் முடிப்பதும் ஒரு வகைதான், விலை குறையும். கைவேலை என்று சொல்லிக் கைவேலை விலை வாங்குவதுதான் பிரச்சினை. இன்னொரு தந்திரம், ரெசினோடு மரத்தூளைக் கலந்து அச்சில் வார்த்து, மேலே வண்ணம் பூசி மரம் என்று விற்பது. அடிப்பாகத்தில் வண்ணம் பூச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். திருப்பிப் பார்த்தால் மரத்தின் ரேகை தெரிய வேண்டும்.

4. மரம்: இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்

தேக்கு நல்லது, விலை அதிகம். வாகையும் மாவிலங்கையும் நம் சிற்பிகளுக்குக் கைவந்த மரங்கள். குமிழ் எடை குறைவு, உளிக்கு நன்றாக இணங்கும், சப்பரத்துக்கு ஏற்றது. சந்தனமும் ஈட்டியும் வேண்டவே வேண்டாம். இரண்டுக்கும் வனத்துறைக் கட்டுப்பாடு உண்டு. அனுமதி, ஆவணம் என்று அலைந்து சலித்துப்போவீர்கள்.

"கோயில் தோட்டத்திலேயே மரம் நிற்கிறது, வெட்டிக் கொடுத்துவிடலாம்" என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். இரண்டு சிக்கல். தேக்கு போன்ற மரங்களைச் சொந்த நிலத்தில் வெட்டி எடுத்துப்போவதற்கே அனுமதி தேவைப்படும். கிராம நிர்வாக அலுவலரையும் வனத்துறை அலுவலகத்தையும் கேட்காமல் கோடரி வைக்காதீர்கள். அடுத்தது மரம் காய்வது. நிழலில் இயல்பாகக் காயவிட்டால் ஓர் அங்குல கனத்துக்கு ஏறத்தாழ ஓர் ஆண்டு என்பது தச்சர்கள் வைத்திருக்கும் கணக்கு. இந்த ஆண்டு வெட்டிய மரம் அடுத்த திருவிழாவுக்கு ஆகாது. மரக்கடையில் ரசீதோடு வாங்குவதே நல்லது.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். முதலாவது ஈரம். ஈரப்பத மானி ஒன்றைக் கையில் கொண்டுபோங்கள். 12 சதவீதம் சுற்றி இருந்தால் நல்லது, 20-ஐத் தொட்டால் வேண்டாம். மேல்தோலில் மட்டும் பார்க்காமல், புதிதாக அறுத்த முனையில் வைத்துப் பாருங்கள். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும். இரண்டாவது, வைரம் பாய்ந்த பகுதி மட்டும்தானா என்பது. ஓரத்து வெளிர் மரம் கலந்திருந்தால் வண்டு அங்கேதான் முதலில் துளைக்கும். மூன்றாவது, வளையங்கள் தொடங்குகிற நடுப்புள்ளி கட்டைக்குள் இருக்கிறதா என்பது. அது உள்ளே இருந்தால் மரம் என்றைக்காவது வெடிக்கும். எங்கள் முதல் சுரூபத்தின் வெடிப்பு அந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்பியிருந்தது. பின்பக்கம் அறுத்துப் பார்த்தபோது, ரேகை ரேகையாக விரிந்த வளையங்களின் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பிளவு.

அதனால்தான் "ஒரே மரத்தில் செய்ய வேண்டும்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள் என்கிறேன். நன்றாகக் காய்ந்த பலகைகளைச் சேர்த்து ஒட்டி, அந்தக் கட்டையில் செதுக்குவது ஏமாற்று வேலை இல்லை. பெரிய உருவத்துக்கு அதுவே பாதுகாப்பு. ஒட்டு வரி முகத்தின் நடுவே, மூக்கு வழியாக ஓடக் கூடாது என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

நீட்டிய கைகளைத் தனியாகச் செதுக்கிப் பொருத்தச் சொல்லுங்கள். உடல் கட்டையில் நார் மேலிருந்து கீழாக ஓடும். அதிலேயே கையைக் குறுக்கே நீட்டிச் செதுக்கினால், சப்பரம் ஒருமுறை குலுங்கியதும் மணிக்கட்டு முறியும். குழந்தை இயேசுவும் தனியாகக் கழற்றும்படி இருந்தால் துடைக்கவும் கொண்டுபோகவும் வசதி. குதிரைமேல் வரும் சந்தியாகப்பர் என்றால், முன்னங்கால் தூக்கிய குதிரையின் எடை முழுவதும் இரண்டு பின்னங்காலில் நிற்கும். அதற்கு உள்ளே என்ன தாங்கல் கொடுக்கிறார் என்று சிற்பியைப் படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

5. அளவும் செலவும்

"அடிக்கு இவ்வளவு" என்று சொல்லும் விலையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உயரம் இரண்டு மடங்கானால் மரம் எட்டு மடங்காகும். 2 அடிச் சுரூபத்தின் விலையை இரட்டித்து 4 அடிக்கு நிதி திரட்டினால் பாதியில் நிற்பீர்கள்.

4 அடிச் சுரூபத்துக்கு 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றேகால் அடி கனம் என்று கட்டை எடுத்தால் 7.5 கன அடி. தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ, ஆகக் கட்டையே 135 கிலோ. செதுக்கியதும் நிறையக் குறையும் என்றாலும், தோளில் தூக்குகிற சுரூபத்துக்கு அது போதாது. முதுகுப்பக்கம் குடைந்து, பலகை வைத்து மூடச் சொல்லுங்கள். எடை குறைவதோடு, உள்கனம் குறைவதால் வெடிப்பும் குறையும்.

விலைப்பட்டியலைப் பிரித்துக் கேளுங்கள்: மரம், செதுக்குக் கூலி, பட்டியும் (வண்ணத்துக்கு அடியில் பூசும் பூச்சு) வண்ணமும், கிரீடம் அல்லது ஒளிவட்டம், பீடம், பெட்டி, வண்டி வாடகை, ஏற்று இறக்குக் கூலி, வரி. கடைசி மூன்றும் பெரும்பாலும் முதல் விலையில் இருக்காது. உயரம் பீடத்தோடா, பீடம் இல்லாமலா என்பதையும் எழுதி வாங்குங்கள். "4 அடி" என்று சொல்லி அரை அடிப் பீடத்தையும் அதில் சேர்ப்பது சாதாரணமாக நடக்கிறது.

6. ஒப்பந்தம்

முத்திரைத்தாளில் ஒரு பக்கம் போதும். புனிதரின் பெயர், அடையாளங்கள், உயரம், மர வகை, ஈரப்பத அளவு, கைவேலையா மெஷினா, ஒப்படைக்கும் தேதி, தாமதமானால் என்ன, வெடித்தால் யார் பொறுப்பு, எத்தனை காலம் வரை. இந்தக் கடைசி வரிக்குத்தான் பட்டறைக்காரர்கள் தயங்குவார்கள். தயங்கினாலும் விடாதீர்கள்.

பணத்தை நான்கு தவணையாகப் பிரிப்பது நல்லது. மரத்தை நீங்கள் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு முதல் தவணை. உருவம் இறங்கியதும் இரண்டாவது. செதுக்கல் முடிந்து, வண்ணம் பூசுவதற்கு முன் மூன்றாவது. மீதியை ஒப்படைத்த பிறகு. முதல்நாளே பாதிக்கு மேல் கேட்கும் பட்டறை அந்தப் பணத்தில் வேறு யாருடைய வேலையையோ முடிக்கப்போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

7. மண் மாதிரியும் முகமும்

உளி வைப்பதற்கு முன் களிமண்ணில் ஒரு சிறு மாதிரி கேளுங்கள். முடிந்தால் முகம் மட்டும் முழு அளவில். மண்ணில் மூக்கைக் கொஞ்சம் நீட்டலாம், கன்னத்தை நிரப்பலாம். மரத்தில் எடுத்ததை ஒட்ட முடியாது. பேரவையிலிருந்து இரண்டு மூன்று பேர் போய் ஒப்புதல் கொடுங்கள். பத்துப் பேர் போனால் பத்து முகம் கேட்பார்கள்.

முகத்தைப் பார்க்கும் விதம் ஒன்று இருக்கிறது. பட்டறையில் சுரூபம் தரையில், நம் கண் மட்டத்தில் நிற்கும். கோயிலில் அது ஆறேழு அடி உயரப் பீடத்தில் நிற்கும், நாம் முழந்தாளிட்டு அண்ணாந்து பார்ப்போம். கண் மட்டத்தில் அழகாக இருந்த முகம், கீழிருந்து பார்த்தால் தாடையும் மூக்குத் துவாரமும் மட்டுமாகத் தெரியும். கண்கள் நம் தலைக்கு மேல் எங்கோ பார்க்கும். ஜெபிக்க வந்த பாட்டிக்கு அந்தப் பார்வை கிடைக்காது. அதனால் சுரூபத்தை மேசைமேல் ஏற்றி, நீங்கள் தரையில் உட்கார்ந்து பாருங்கள். தலை சற்றே குனிந்து, இமை தாழ்ந்து, பார்வை உங்கள்மேல் விழ வேண்டும். வாட்ஸப் படத்தை வைத்து இதற்கு ஒப்புதல் கொடுக்கவே கூடாது.

8. வண்ணத்துக்கு முன் செய்ய வேண்டிய துளைகள்

கிரீடத்துக்கான துளை, சப்பரத்தில் இறுக்கும் போல்ட்டுக்கான துளை, மாலை தாங்கும் கொக்கி எல்லாம் வண்ணத்துக்கு முன்பே. பூசிய பிறகு துளைத்தால் பட்டி பெயரும், சில நேரம் மரமே பிளக்கும். கடற்கரை ஊர் என்றால் இரும்பு ஆணி வேண்டாம். பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ போடச் சொல்லுங்கள். பூச்சிக்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலையும் இந்தக் கட்டத்தில்தான் பூச வேண்டும். பாதங்களில் மட்டும் மேல்பூச்சு கூடுதலாக இருக்கட்டும். நம் மக்கள் தொட்டு முத்தி (முத்தம்) செய்கிற இடம் அது, முதலில் தேய்வதும் அதுதான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்ண வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். பூசியது காயாமல், பிறகு கொப்புளம் விடும்.

9. நாள் கணக்கு

திருவிழாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஜூன் 13 என்றால், மே நடுவில் சுரூபம் கோயிலுக்கு வந்திருக்க வேண்டும். வண்ணம் பூசுவதும் அது காய்வதும் ஏப்ரலில். செதுக்கல் ஜனவரி முதல் மார்ச் வரை. மரமும் மாதிரியும் ஒப்பந்தமும் அக்டோபர், நவம்பரில். அனுமதியும் நிதியும் அதற்கும் முன்னால். இந்த ஆண்டுக் கொடி இறங்கியதுமே அடுத்த ஆண்டுக்கான வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். ஜனவரி 20 செபஸ்தியார் திருவிழாவுக்குச் செய்கிறவர்கள் மழைக்காலத்தையும் சேர்த்து இன்னும் முன்னதாகத் தொடங்குங்கள். சுரூபம் கைக்கு வரும் முன் அழைப்பிதழில் மந்திரிப்பு நாளை அச்சடிக்காதீர்கள்.

10. கொண்டுவருவது

நிற்க வைத்துக் கொண்டுவர வேண்டாம். படுக்க வைத்து, பெட்டிக்குள் பஞ்சணை கொடுத்து, கைகளைக் கழற்றித் தனியே கட்டுங்கள். மாநில எல்லை தாண்டி வந்தால், 50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு) கேட்பார்கள். பட்டறைக்காரரிடம் முன்பே சொல்லி, தேவையான காகிதத்தை வண்டியோடு அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் நம் மக்களின் கோயிலுக்கு அனுப்புவதாக இருந்தால் இரண்டு விஷயம் கூடுதல். பெட்டியின் மரம் வெப்பப் பதம் செய்யப்பட்டு, ஐஎஸ்பிஎம் 15 (மரப் பெட்டிகள் வழியே பூச்சி பரவாமல் தடுக்கும் சர்வதேச விதி) முத்திரை பெற்றிருக்க வேண்டும். இல்லையென்றால் துறைமுகத்தில் பெட்டியைத் திருப்பிவிடுவார்கள். சுரூபம் பார்வைக்குப் பழையதாகத் தெரிந்தால், இது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையின் சான்றிதழும் வாங்க வேண்டிவரும்.

11. பழைய சுரூபம்

"பழையதைக் கொடுங்கள், விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்று யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைப் பதிவுசெய்ய வேண்டும், உரிமம் இல்லாதவர் வாங்கி விற்கக் கூடாது, நாட்டை விட்டு வெளியே போகவே கூடாது. திருச்சபைச் சட்டமும் தெளிவாகவே இருக்கிறது: தொன்மையோ கலைமதிப்போ மக்கள் பக்தியோ உள்ள விலைமதிப்பற்ற சுரூபத்தை ஆயரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பழுதுபார்க்கக் கூடாது, மக்கள் பெரிதும் வணங்கும் சுரூபத்தைத் திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதி இல்லாமல் கைமாற்றவும் கூடாது. நல்லெண்ணத்தோடு எனாமல் பெயிண்ட் அடித்துப் பழைய வண்ணத்தை மூடிவிட்ட சுரூபங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நான்கு பக்கமும் படம் எடுத்து, அளவு குறித்து, கோப்பில் வையுங்கள். சுரூபம் உலர்ந்த அறையில், தரையில் படாமல் நிற்கட்டும்.

12. முதல் ஆண்டு

ஈரமான மாலையை உடம்பில் படும்படி போடாதீர்கள். மெழுகுதிரி ஸ்டாண்டைத் தள்ளி வையுங்கள். தண்ணீர், எண்ணெய், மெழுகுப் பாலிஷ் எதுவும் வேண்டாம். மென்மையான காய்ந்த தூரிகை போதும். காலடியில் மாவு போல மெல்லிய தூள் விழுந்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். விழுந்திருந்தால் வண்டு வேலை செய்கிறது, உடனே சிற்பியைக் கூப்பிடுங்கள்.

ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போன பிறகுதான் மரம் தன் நிலைக்கு வரும். முடியிழை போன்ற கீறல்கள் வந்தால் பயப்பட வேண்டாம், அவற்றை நிரப்பிவிடலாம். நகம் நுழையும் அளவு வெடிப்பு என்றால் ஒப்பந்தத்தை எடுங்கள். கடைசித் தவணையில் ஒரு சிறு பங்கை இந்தக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்க ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், சிற்பி தானாகவே வந்து பார்த்துவிட்டுப் போவார்.